மாடு ஒதுக்கிய தண்டு

எங்கள் நைனா புல்லுக்கென்று ஒரு சென்ட் நிலம் விட்டதில்லை. எங்கள் ஊரான கலவையில் அப்போது மாட்டுக்குக் கடலைக்கொடி, கேழ்வரகுத் தாள், வைக்கோல். பச்சை என்றால் வரப்பில் அறுத்த அருகு. கிணற்றுத் தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்சுவார்களா என்பார். ஆடுகள் ஏரிக்கரையில் தாமே மேய்ந்துகொள்ளும். கரை முழுக்க ஆவாரம் பூத்துக்கிடக்கும். எங்கள் ஆடு ஒன்றுகூட வாய் வைக்காது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் தோல் பதனிட அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைதான். உயிரோடு இருந்தபோது ஆடு ஒதுக்கிய செடியிலேயே அதன் தோலை ஊறப்போட்டார்கள்.

நைனாவுக்குப் பிறகு எங்கள் கொல்லைக்கு முதலில் வந்தது நேப்பியர், யானைப்புல். ஆப்பிரிக்கப் புல்; ரொடீசியாவில் அதைப் பரப்பிய கர்னல் நேப்பியரின் பெயரைத் தாங்கியது. ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் தழையும். ஆனால் இலையில் சுணை, ஓரம் கையை அறுக்கும். எங்கள் பசு நுனியைக் கடித்துவிட்டுத் தண்டைக் காடியிலேயே விட்டுவிடும்.

பசுவின் இந்தக் குறைக்குக் கோயம்புத்தூரில் மருந்து தேடினார்கள். கம்பு மென்மையானது, மாடு விரும்பித் தின்னும், ஆனால் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். அதை நேப்பியரோடு 1950களிலேயே அங்கே ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள். கம்புக்குக் குரோமோசோம் 14, நேப்பியருக்கு 28, பிள்ளைக்கு 21. ஒற்றைப்படையில் ஜோடி சேராது, விதை பிடிக்காது. அதனால்தான் இதற்கு விதை மூட்டை கிடையாது, கரணைதான். தேர்ந்தெடுத்த ஒரு செடியையே வெட்டி வெட்டி நடுகிறோம். என் கொல்லையில் நிற்பதும் ஆற்காட்டில் நிற்பதும், ரகம் ஒன்றென்றால், செடியும் ஒன்றே. இதை நைனாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இந்த ஒட்டுப்புல் ரகங்களில் கோ-3 1997இல் வந்தது, கோ-4 2008இல், கோ-5 2012இல். கோ-4க்குத் தாய் கோ-8 கம்பு. எத்தனை டன் என்று மட்டும் பார்த்திருந்தால் பழைய யானைப்புல்லோடு நின்றிருக்கலாம். தண்டில் சாறு, இலையில் மென்மை, தண்டைவிட இலை கூடுதல் என்று தேடியது மாட்டின் வாய்க்காக. நான் நட்டது கோ-4. முதல் அறுப்பு எழுபத்தைந்து நாளில், பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை.

போன கார்த்திகையில் மழை விடவில்லை. நாற்பத்தைந்து நாளில் வரவேண்டிய அறுப்பு எழுபது நாளைத் தாண்டிப்போனது. கொண்டுபோய்ப் போட்டேன். எங்கள் ஜெர்சி இலையை உருவித் தின்றுவிட்டு, முற்றிய தண்டைக் காடியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. மறுநாளிலிருந்து மிஷினில் நறுக்கிப் போடுகிறேன்.