மலைவாழையும் நிக்கல்சன் அறிக்கையும்

சமூகத் தொழில் நிறுவனங்கள் நம் நாட்டில் தழைக்க வேண்டுமானால் அவற்றுக்கு முதற்கண் எதைக் கொடுக்க வேண்டும் என்று இன்று விவாதிப்பவர்கள், அறிந்தோ அறியாமலோ, சென்னை மாகாணத்தில் சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பாக அறிக்கையாக எழுதி வைத்த விடையையே திரும்பச் சொல்லுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். குடியானவனைப் பீடித்த நோய் கடன். அதற்கு மருந்து, அண்டை அயலார் ஒருவருக்கொருவர் பிணைநின்று நடத்தும் சிறு நாணயச் சங்கம். அச்சங்கத்தை ஊன்றி வளர்க்க, ஜெர்மனியில் ரைஃபைசன் என்னும் மேயர் தோன்றியதுபோல இங்கும் ஒரு பெருந்தகையைத் தேடிக் காண வேண்டும். நிக்கல்சன் கண்ட முடிபின் சாரம் இதுவே. 2019-இல் மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2022-இல் செபி விதிகள் வகுத்த சமூகப் பங்குச் சந்தையும் மூலதனத்தையே முதற்பொருளாகக் கொண்டிருப்பதால், நிக்கல்சனின் வாசிப்பைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

‘நிதி’ என்னும் நம் பரஸ்பர உதவிச் சங்கங்களை அவர் ஊன்றிப் படித்தார் என்பதையும், அவற்றில் மக்களின் கூடித் தொழில் செய்யும் சக்தியை மதித்தார் என்பதையும் மறுப்பது நன்றியின்மையாகும். ஆண்டுதோறும் விதைக்கும் உரத்துக்கும் கையேந்தி நின்ற நஞ்சைக் குடியானவனைப் பொறுத்தவரை அவருடைய நோய்நாடல் சரியே. ஆனால் அவர் வழிவந்த 1904-ஆம் ஆண்டுச் சட்டம் நாணயச் சங்கங்களை மட்டுமே அங்கீகரித்தது. விளைபொருளை ஒன்றுசேர்ந்து விற்கும் சங்கத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த எட்டாண்டு தாமதத்தைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. கடன் முன்னே, விற்பனை பின்னே என்னும் வரிசை, சட்டம் திருந்திய பிறகும் மனத்தில் திருந்தாமல் நின்றுவிட்டது.

அந்த வரிசை கீழ்ப்பழனி மலைக்குப் பொருந்தாது என்பதற்குப் பாச்சலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்து மலைவாழையே சாட்சி. சுமார் 2,000 அடி முதல் 5,000 அடி வரையுள்ள சரிவுகளில், மழையை மட்டும் நம்பி, காப்பிச் செடிக்கு நிழலாகவும் நின்று வளரும் இந்த வாழை, ஒருமுறை நட்டால் பக்கக் கன்றுகளாலேயே தலைமுறைக் காலம் தொடர்ந்து தாரீனும் இயல்புடையது. ஆண்டுக்கு ஆண்டு நடவு இல்லை, இறைவை இல்லை, ஆகவே பெரிய சாகுபடிக் கடனும் தேவையில்லை. மலைக்காரனுடைய நஷ்டமெல்லாம் தாரை வெட்டிய பிறகு தொடங்குகிறது. மலைப்பாதையில் குதிரை முதுகில் இறங்கும் பழம் பழுக்கத் தொடங்கிவிட்டால் பேரம் பேச நேரமில்லை. அடிவாரத்தில் சொன்னதே விலை.

இதற்கு நான் காட்டும் முக்கியமான சான்று ஒரு பெயர். அதுவும் சர்ச்சைக்கு இடமான பெயர். மலையில் இந்த வாழையை மலைவாழை என்றே சொல்லுகிறார்கள். சந்தையில் இது விருப்பாச்சிப் பழம். புவிசார் குறியீட்டுப் பதிவேட்டின் ஆங்கிலத்திலோ விருபாக்ஷி என்று சமஸ்கிருத உருவம் பெற்று நிற்கிறது. விருப்பாச்சி மலையில் உள்ள ஊர் அன்று. ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே, பழனி செல்லும் வழியில், அடிவாரத்தில் இருப்பது. ஆங்கிலேயரை எதிர்த்த கோபால நாயக்கரின் பாளையம் என்று சரித்திரத்தில் பெயர் பெற்றது. அப்படியிருக்க, உச்சியில் விளைந்த கனிக்கு அடிவாரத்தின் பெயர் எப்படி ஒட்டியது?

பாளையத்தின் ஆட்சிப் பரப்பே பழத்துக்குப் பெயராயிற்று என்று ஒருவர் வாதிக்கலாம். அதை முற்றிலும் தள்ளிவிட என்னால் முடியவில்லை. எனினும் அதே திண்டுக்கல் மாவட்டத்தில், அதே இனத்து வாழை சிறுமலையிலும் விளைகிறது. அங்கே பழம் விளைந்த மலையின் பெயராலேயே, சிறுமலைப் பழம் என்று, வழங்குகிறது. திண்டுக்கல்லுக்கு அருகே தனித்து நிற்கும் மலை அது. கொள்வோன் விளையுமிடத்தைக் கண்ணாலேயே காண்கிறான். பல மலையூர்களில் சிதறி விளையும் கீழ்ப்பழனி வாழைக்கோ, கொள்வோன் கண்ட முதல் இடம் அது இறங்கிய அடிவாரமே. ஆட்சி போனபின் பாளையப் பெயர்கள் பல மறைந்திருக்க, இது மட்டும் பழத்தின் மேல் உயிரோடு இருப்பது வியாபாரிகளின் நாவினால்தான் என்று துணிகிறேன். பெயர் யாருடையதோ விலையும் அவருடையது. நிக்கல்சன் தேடிய கடன்பத்திரங்களில் இந்த அடிமைத்தனம் எழுதப்பட்டிராது.

என் வாதத்துக்கு ஒரு விலக்கு உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. முடிக்கொத்து நோய் வந்தபோது மலைக்காரனுக்கும் மூலதனம் தேவைப்பட்டது. நோய் கண்ட மரத்தில் இலைகள் குறுகி, நிமிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும்; காம்பில் கரும்பச்சைக் கோடுகள் துண்டு துண்டாகத் தெரியும்; அதன் பிறகு அம்மரம் தார் தள்ளாது. அசுவினிப் பூச்சியும் நோயுற்ற கன்றும் பரப்பிய இந்த நச்சுயிரி நோயால், 1970-களின் தொடக்கத்தில் சுமார் 18,000 ஹெக்டேராக இருந்த மலைவாழைப் பரப்பு ஏறத்தாழ 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. தலைமுறைக் காலம் நிற்கும் என்று போற்றிய அதே கிழங்கு, நோயையும் தலைமுறைக் காலம் தாங்கி நின்றது. ஆயினும் இங்கேயும் பணம் தனித்து நின்று பயன் தரவில்லை. ஒருவன் கடன் வாங்கித் திசு வளர்ப்புக் கன்று நட்டாலும், வேலிக்கு அப்பால் அயலான் நோய்க்கிழங்கைத் தோண்டி அழிக்காவிட்டால் இரண்டு தோட்டமும் பாழ். கூடிச் செயலாற்ற வேண்டிய நிர்ப்பந்தத்தைப் பெருந்தகை எவரும் கொண்டுவரவில்லை, நோயே கொண்டுவந்தது.

விவசாயிகள் தமிழ்நாடு மலைவாழை விவசாயிகள் கூட்டமைப்பாகத் திரண்டதும், 2008-இல் விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டு வாழைகளுக்கும் அக்கூட்டமைப்பின் பெயரில் புவிசார் குறியீடு பதிவானதும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கவை. அடிவாரத்துக்குப் போன பெயர் பயிரிட்டவனின் உடைமையாக மலையேறி வந்தது. காப்பியில் நடந்ததை இதனோடு ஒப்பிட வேண்டும்: 1942 சட்டத்தின்படி விளைச்சல் முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் செலுத்திவந்த சிறு தோட்டக்காரன், 1990-களில் அத்தொகுப்பு நீங்கியபோது விற்கும் சுதந்திரத்தைப் பெற்றான், விற்பதற்கான பெயரையோ சங்கத்தையோ உடன் பெறவில்லை. நீலகிரியில், கோத்தகிரியில், 2013-இல் தொடங்கிய ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் தேனையும் பிற விளைபொருள்களையும் உற்பத்தி செய்தோரே பங்குதாரராக நின்று விற்பது, என் கருத்துக்கு அரண் செய்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்மீது வழங்கிய உடைமையைப் பாச்சலூர்ப் பக்கத்துப் பளியர் பழங்குடியினரும் சங்கமாக நின்று விற்பனையில் நிலைநாட்ட உதவுவதே, அவர்களுக்குக் கடன் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது.

விருப்பாச்சி என்ற ஊர்ப்பெயர் பழப்பெயரான காலத்தை என்னால் அறுதியிட முடியவில்லை. பாளையம் வீழ்ந்த 1801-க்கு முந்தைய ஏதேனும் ஓர் ஏட்டில் பழத்தின் பெயராகவே அது கிடைக்குமானால், வியாபாரிகளைப் பற்றி நான் கூறியதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு மண்டிகளின் பழைய கணக்கேடுகளில், தார் என்று மட்டும் வரவு வைத்த வரிகள் எந்தப் பக்கத்தில் விருப்பாச்சித் தார் என்று மாறுகின்றனவோ, அங்கேதான் இதற்கு விடை இருக்க வேண்டும்.