அவசியமா, அலங்காரமா?

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் தம் மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். மூத்தவள் பதினைந்து வயதுப் பெண். மேல்வரிசையில் ஒரு பல் தெற்றி நிற்க, சிரிக்கும்போதெல்லாம் முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டாள். “கம்பி கட்டச் சொல்கிறார்கள் ஹஜ்ரத், செலவும் கொஞ்சமில்லை. மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?” என்று கேட்டார்.

இடமுண்டா என்பதற்கு விடை கிதாபுகளிலேயே இருக்கிறது. அழகை நாடிப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்டிரைக் கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதிலுள்ள ‘அழகுக்காக’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, சிகிச்சைக்காகவோ பல்லின் குறையை நீக்கவோ செய்வதில் குற்றமில்லை என்று இமாம் நவவீ (வபாத் ஹிஜ்ரி 676) விளக்கினார்கள். ஆனால் எது குறை, எது வெறும் அழகு? எங்கே கோடு கிழிப்பது? மருத்துவர்கள் இதற்கு விடை காண ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு பிடித்தது.

குர்துபாவை அடுத்த அஸ்ஸஹ்ரா நகரின் பெயரால் அறியப்பட்ட அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, கி.பி. 1000ஆம் ஆண்டளவில் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் முப்பது பாகப் பெருநூலை முடித்தார். அதன் இறுதிப் பாகம் அறுவைச் சிகிச்சை பற்றியது. இடம் தவறி முளைத்த பற்களுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அத்தகைய பல்லை முடிந்தால் அராவுக. மற்றொன்றோடு ஒட்டியிருப்பின் வெட்டுக. ஆயினும் ஒரே நாளில் முடிக்க முனையாது பல நாட்களாகப் பகிர்ந்து செய்க, இன்றேல் அண்டைப் பற்கள் ஆட்டங்காணும் என்று அவர் எச்சரிக்கிறார். அந்தக் கருவியும் அரமும் இந்திய இரும்பினால் ஆனவையாக இருக்கவேண்டும் என்பதும் அவர் வகுத்த விதி. (நம் நாட்டு எஃகின் புகழால் அரபு மொழியில் வாளுக்கே ‘முஹன்னத்’ என்ற பெயர் ஏற்பட்டதை இங்கு நினைவுகூரலாம்.) பல்வலியென்று வந்தவரின் பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கலாகாது, இழந்தால் ஈடில்லாத உயர்ந்த பொருள் அது என்பதும் அவர் கருத்து. வலி நோயாளியையே ஏமாற்றும்; அவர் சுட்டிக்காட்டும் பல் நோயற்றதாக இருக்கலாம் என்றும் எழுதினார்.

கை இத்துணை நிதானமானதெனினும், அளவுகோல் கண்ணாகவே இருந்தது. வரிசை பிறழ்ந்த பல் பெண்களிடத்தும் அடிமைகளிடத்தும் குறிப்பாக விகாரமாகத் தோன்றும் என்கிறார் அவர். அடிமையை ஏன் சேர்த்துச் சொன்னார் என ஊகிப்பது கடினமன்று. சந்தையில் விலை பேசப்பட்ட உடல் அது. பேரறிஞராயினும் தம் காலத்தின் கண்ணைக் கொண்டே அவரும் பார்த்தார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு டொலேடோவில் இப்பாகத்தை லத்தீனாக்கினார். ஐரோப்பிய மருத்துவர் பல தலைமுறைகள் அதைப் பயின்றனர். எனினும் பல் வரிசைக் கோளாறை ஒழுங்காக வகைப்படுத்தும் முறை நிலைபெற 1899 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள், மேல் தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை அடிப்படையாக வைத்து, கீழ்ப்பல் அதனோடு பொருந்தும் விதத்தைக் கொண்டு மூன்று வகுப்புகள் பிரித்தார். அவ்வகுப்புகள் இன்றும் வழக்கிலுள்ளன. ஆனால் அவை கோளாறின் பெயரைச் சொல்லுமேயன்றிக் கனத்தைச் சொல்லா. சிறிதே நெருங்கிய பற்களும் தாறுமாறாகக் குவிந்த பற்களும் ஒரே வகுப்பில் அடங்கிவிடும்.

கனத்தை எடைபோடும் முயற்சிகள் பின்னர் பல எழுந்தன. 1986இல் அமெரிக்காவில் உருவான ஒரு குறியீடு, எவ்வகைப் பல்வரிசை பொதுமக்கள் கண்ணுக்கு எவ்வளவு உறுத்துகிறது என்பதையே கணக்காக்கிற்று. 1989இல் இங்கிலாந்தில் புரூக், ஷா என்னும் இருவர் வேறு வழி கண்டனர். எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. பல்லின் நலத்தையும் தோற்றத்தையும் அவர்கள் தனித்தனியே பிரித்துவிட்டனர். தோற்றத்துக்குப் பத்துப் புகைப்படங்கள். நலத்துக்கு ஐந்து படிகள். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி 6 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் நான்காம் படி, 9 மில்லிமீட்டரைக் கடந்தால் ஐந்தாம் படி. அடுத்தடுத்த பற்களின் விலகல் 2 மில்லிமீட்டருக்குட்பட்டால் இரண்டாம் படியோ முதற்படியோதான். சிகிச்சை தேவையில்லை என்றே சொல்லலாம். சிறு குறைகளைக் கூட்டிப் பெரிதாக்குவதில்லை. வாயிலுள்ள மிக மோசமான ஒன்றே படியைத் தீர்மானிக்கும். அரசுச் செலவில் யாருக்குச் சிகிச்சை என்பதை இங்கிலாந்தில் இதைக்கொண்டே முடிவு செய்கின்றனர்.

என் மாணவரை ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னேன். திரும்பி வந்தவர் முகம் வேறாக இருந்தது. மகளின் விலகல் ஒன்றரை மில்லிமீட்டர், இரண்டாம் படி. விரும்பினால் கட்டலாம், கட்டாவிட்டாலும் கேடில்லை என்றனராம். உடன் சென்ற பதின்மூன்று வயதுத் தம்பியின் வாயையும் மருத்துவர் திறந்து பார்த்திருக்கிறார். வெளியே வரிசை முத்துக்கோத்தாற்போல இருந்தது. ஆனால் ஓரிடத்தில் பால்பல் இன்னும் விழாமல் நின்றது. எக்ஸ்ரேயில் பார்த்தபோது, அங்கு முளைக்கவேண்டிய கோரைப்பல் எலும்புக்குள் சாய்ந்து கிடந்தது. விட்டுவைத்தால் அண்டைப் பல்லின் வேரை அரித்துவிடக்கூடுமாம். அது ஐந்தாம் படி.

மகளுக்கென்று சேர்த்த பணத்தில் மகனுக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கிறார். அந்தப் பெண்ணோ இன்னும் முக்காட்டை இழுத்து வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறாள். மருத்துவர் காட்டிய பத்துப் படங்களுள் தன் பல்வரிசைக்கு ஒப்பானது இதுவெனத் தானே ஒன்றைச் சுட்டினாளாம். மருத்துவர் குறித்துக்கொண்டதைவிட அது மூன்று படம் மோசமானதாக இருந்தது.