கஞ்சா: மருந்தா, போதையா? - ஒரு வரலாறு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் யாராவது "மருந்து" என்று சொன்னால் உடனே மெடிக்கல் ஷாப் ஞாபகம் வராது. பட்டாசுக்குள் செலுத்தும் கலவைக்கும் அங்கே மருந்து என்றுதான் பெயர். காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, சரவெடிக்குள் இருப்பதும் மருந்து. போதாக்குறைக்கு கஞ்சாவும் "போதை மருந்து"! இந்த மூன்றாவது மருந்து, ஒரு காலத்தில் உண்மையாகவே முதல் வகை மருந்தாக இருந்தது. அந்தக் கதைதான் இது.

சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்த கதை விருதுநகர் மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்கு 83 வருடங்களுக்கு முன்பு அதே கல்கத்தாவில், அயர்லாந்துக்காரர் ஒருவர் வேறொரு மருந்தைச் சோதித்துக் கொண்டிருந்தார். பெயர் வில்லியம் புரூக் ஓ'ஷாக்னெஸி. வயது முப்பது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். (பிற்பாடு இந்தியாவுக்குத் தந்தியைக் கொண்டு வந்தவரும் இவரே!)

நம் நாட்டு வைத்தியர்கள் வெகு காலமாகக் கஞ்சாவைப் பயன்படுத்தி வந்ததை அவர் கவனித்தார். மதுசூதன் குப்தா போன்ற பண்டிதர்களிடம் பழைய நூல்களைப் பற்றிக் கேட்டார். முதலில் நாய் முதலிய விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகுதான் நோயாளிகளுக்கு. வெறிநாய்க்கடி வந்தவர் பிழைக்கவில்லை, ஆனால் கடைசி நேர வேதனை குறைந்தது. டெட்டனஸ் இசிவு வந்தவர்களில் சிலர் பிழைத்தார்கள்.

1839-ல் அவர் எழுதியதில் மறக்க முடியாதது ஒரு பெண் குழந்தையின் கதை. பிறந்து 40 நாள்தான் ஆகியிருந்தது. வலிப்பு வந்து வந்து துவண்டு போயிருந்தது. வழக்கமான சிகிச்சை எதுவும் கேட்கவில்லை. கஞ்சாவைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாற்றைச் சொட்டுக் கணக்கில் கொடுத்தார். குழந்தை தூங்கியது, வலிப்பு அடங்கியது, பிழைத்துக்கொண்டது. அதே கட்டுரையில், தொடர்ந்து கஞ்சா எடுப்பவர்களுக்கு வரும் சித்தப்பிரமையைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஒரே செடி மூளையின் கொந்தளிப்பை அடக்கவும் செய்கிறது, மூளையைக் குழப்பவும் செய்கிறது. எப்படி? அவருக்கு விடை கிடைக்கவில்லை.

அரசாங்கத்துக்கோ கவலை வேறு. இந்தியாவின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் கஞ்சாவால்தான் நிரம்புகின்றன என்று லண்டனில் புகார் எழ, 1893-ல் ஒரு கமிஷன் போட்டார்கள். 1,193 சாட்சிகள்! 1892-ல் கஞ்சாவால் வந்த பைத்தியம் என்று பதிவான 222 கேஸ்களையும் ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். பாதிக்கு மேல் நிற்கவில்லை. காரணம் வேடிக்கையானது. ஆளைக் கொண்டு வந்து விடும்போது, சரியாக விசாரிக்காமலே "கஞ்சா" என்று எழுதிவிடுவது வழக்கமாம். முதல் என்ட்ரியே தப்பானால் பேலன்ஸ் ஷீட் எப்படிச் சரியாக வரும்? தடை வேண்டாம், வரியும் லைசென்சும் போதும் என்றது கமிஷன். கஞ்சா வரி கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்ததையும் சேர்த்துத்தான் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

ஓ'ஷாக்னெஸியின் கேள்விக்கு விடை வரத் தொடங்கியது 1960-களில். இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம் குழுவினர் 1963-ல் சிபிடி என்ற பொருளின் அமைப்பையும், 1964-ல் போதை தரும் டிஹெச்சியையும் கண்டுபிடித்தார்கள். மூளையின் நரம்பு செல்கள் மீது டிஹெச்சி போய் ஒட்டும் ரிசெப்டர் ஒன்று இருப்பது 1988-ல் தெரிந்தது. அதற்கு சிபி1 என்று பெயர். செடிக்காகவா மூளை பூட்டு செய்து வைத்திருக்கும்? உடம்பே தயாரிக்கும் சாவி ஒன்று இருக்க வேண்டுமே! 1992-ல் அதுவும் கிடைத்தது. வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆமாம், நம்ம "ஆனந்தம்"தான்!

சாதாரணமாக ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பும். இந்தச் சாவிகள் தலைகீழாக வேலை செய்கின்றன. செய்தி வாங்கும் செல், அனுப்பிய செல்லைப் பார்த்து "போதும், குறை" என்கிறது. டிஹெச்சி அந்த இடத்தில் புகுந்து, கேட்காதபோதும் "குறை, குறை" என்று சொல்வதால் ஞாபகம், நேர உணர்வு எல்லாம் தடுமாறுகின்றன. ஸ்வீடனில் 45,000-க்கும் மேற்பட்ட ராணுவ இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987-ல் வெளியானது. 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைப் போல ஆறு மடங்கு இருந்தது. சிபிடி அப்படி சிபி1-ல் போய் உட்காருவதில்லை, போதையும் தருவதில்லை. வேறு வழிகளில் நரம்பு செல்களின் மிகைத் துடிப்பை அடக்குகிறது.

1980-லேயே பிரேசிலில் சிறிய சோதனை நடந்தது. சிபிடி எடுத்த எட்டு வலிப்பு நோயாளிகளில் நான்கு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றே போனது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டிராவே சிண்ட்ரோம் என்ற கொடிய வலிப்பு நோய் கொண்ட 120 பேரிடம் நடந்த சோதனை 2017-ல்தான் வெளியானது. சிபிடி எடுத்தவர்களில் மாதத்துக்குச் சராசரியாக 12 ஆக இருந்த வலிப்பு 6 ஆகக் குறைந்தது. சும்மா மருந்து எடுத்தவர்களுக்கு 15, 14 ஆனது, அவ்வளவே. 2018 ஜூனில் அமெரிக்கா எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அனுமதி கொடுத்தது. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் தொந்தரவு என்று பக்க விளைவுகளும் உண்டு.

இந்தியாவில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம், கஞ்சாவின் பூவையும் காயையும் பிசினையும் தடுக்கிறது. தனியான இலையும் விதையும் அதில் சேராது. (விருதுநகர் தனி மாவட்டமானதும் அதே வருடம்தான்.) கஞ்சாவை மிக ஆபத்தான பொருட்களின் பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்று 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. அந்த 27-ல் ஒரு ஓட்டு இந்தியாவுடையது.