பாட்டியின் பேரேடு

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் மஞ்சள், நகம் மஞ்சள், சிறுநீர் மஞ்சள். சோற்றைப் பார்த்தாலே குமட்டல். பாட்டி பதறவே இல்லை. கொல்லைப்புறம் போனாள். கிணற்றடியில் முளைத்துக் கிடந்த ஒரு செடியை வேரோடு பிடுங்கினாள். கழுவி, அம்மியில் வைத்து அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் என் வாயில் ஊற்றிவிட்டாள்.

கீழாநெல்லி. நெல்லி மாதிரியே இலை. இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய்கள். நீங்களும் குடித்திருப்பீர்கள். குடிக்காவிட்டால் உங்கள் அண்ணனோ அக்காவோ குடித்திருப்பார்கள்.

உப்பில்லாத சோறு. எண்ணெய் கிடையாது. மூன்று வாரம் ஆயிற்று. கண் வெளுத்துவிட்டது. பசி வந்துவிட்டது. "பார்த்தியாடா, எத்தனை பேரை எழுப்பி உட்கார வச்ச செடி தெரியுமா இது?" என்றாள் பாட்டி.

எத்தனை பேர் என்று அப்போது நான் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

* * *

முதலில் ஒரு விஷயம். மஞ்சள் காமாலை என்பது வியாதியே இல்லை. அறிகுறி. பழைய ரத்த சிவப்பணுக்கள் சிதையும்போது மஞ்சள் நிறத்தில் பிலிருபின் என்றொரு கழிவு உண்டாகிறது. அதை வாரி வெளியே கொட்டுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் படுத்துவிட்டால் கழிவு ரத்தத்திலேயே தேங்கும். கண்ணில் தெரியும்.

கல்லீரல் ஏன் படுக்கிறது? குடி, பித்தப்பைக் கல், மருந்து, விஷம் என்று ஆயிரம் காரணம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது, கெட்ட தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ். பலருக்கு இது சில வாரங்களில் தானாகவே போய்விடும். கீழாநெல்லி குடித்தாலும் போகும். குடிக்காவிட்டாலும் போகும்.

இங்கேதான் சிக்கல். நான் காமர்ஸ் படித்தவன். மருத்துவம் தெரியாது. ஆனால் கணக்கு எழுதுவதில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே அல்ல. பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும். பாட்டியின் பேரேட்டில் ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது: கீழாநெல்லி குடித்துப் பிழைத்தவர்கள். குடிக்காமல் பிழைத்தவர்கள் எத்தனை பேர்? குடித்தும் செத்தவர்கள் எத்தனை பேர்? அந்தப் பக்கம் காலி.

அந்தக் காலிப் பக்கத்தை நிரப்பக் கிளம்பியவர்களின் கதைதான் இது.

* * *

ஒரு செடி கல்லீரலைக் காக்குமா என்று ஆராய்ச்சிக்கூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? எலியைப் பிடிக்கிறார்கள். விஷம் கொடுக்கிறார்கள்.

அந்த விஷத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. பெயர் கார்பன் டெட்ரா குளோரைடு. ஒரு காலத்தில் டிரை கிளீனிங் கடைகளில் துணி வெளுத்தது இதுதான். தீயணைப்புக் கருவிகளிலும் இருந்தது. 1921-ல் மாரிஸ் ஹால் என்கிற அமெரிக்க விலங்கியல் ஆராய்ச்சியாளர், இது நாய்களின் கொக்கிப்புழுவை ஒழித்துவிடும் என்று கண்டுபிடித்தார். அவ்வளவுதான். அடுத்த சில வருடங்களில் உலகம் பூராவும் மனிதர்களுக்கும் கொடுத்தார்கள். புழு போனது. சிலருக்குக் கல்லீரலும் போனது. பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். மருந்தாக வந்தது, ஆய்வுக்கூடத்து விஷமாகப் பதவி மாறியது.

சோதனை இப்படி நடக்கும். ஒரு கூண்டு எலிகளுக்கு ஒன்றும் கிடையாது. அடுத்த கூண்டுக்கு விஷம் மட்டும். மூன்றாவது கூண்டுக்கு விஷமும் சிலிமாரினும். சிலிமாரின் என்பது ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது. கல்லீரல் மூலிகைகளில் அதுதான் அளவுகோல். நாலாவது, ஐந்தாவது கூண்டுகளுக்கு விஷமும் நம் செடியின் சாறும், வேறு வேறு அளவுகளில். பிறகு ரத்தம் எடுத்து எஸ்.ஜி.பி.டி. பார்ப்பார்கள். உங்கள் லேப் ரிப்போர்ட்டில் வருமே, அதேதான். கல்லீரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய என்சைம் அது. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். அளவு ஏறினால் சேதம், இறங்கினால் க்ஷேமம். கடைசியில் கல்லீரலையே மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள்.

கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு எல்லாமே இந்தப் பரீட்சை எழுதியவைதான். நல்ல மார்க்கும் வாங்கியிருக்கின்றன. உடனே கை தட்டிவிடாதீர்கள். பரீட்சையிலேயே இரண்டு ஓட்டைகள் உண்டு.

ஒன்று, பல சோதனைகளில் சாற்றை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் விஷம் கொடுக்கிறார்கள். மழைக்கு முன்னாலேயே குடை. நாமோ நனைந்தபிறகு குடை தேடுகிறவர்கள். இரண்டாவது இன்னும் நுட்பமானது. கார்பன் டெட்ரா குளோரைடு அப்படியே போய்க் கல்லீரலைத் தாக்குவதில்லை. கல்லீரலிலேயே இருக்கும் ஒரு என்சைம் அதை உடைக்கிறது. உடைந்து வரும் துண்டுதான் விஷம். ஆக, அந்த என்சைமை ஒரு செடி கொஞ்ச நேரம் முடக்கினாலே போதும். விஷமே உருவாகாது. எலி பிழைக்கும். 'கல்லீரலைக் காக்கிறது' என்று ஆராய்ச்சிக் கட்டுரையும் வந்துவிடும். ஏற்கெனவே புண்ணான கல்லீரலை அது ஆற்றுமா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எலியின் மார்க் ஷீட்டை வைத்து மனிதனுக்கு மருந்து கொடுக்க முடியாது. மனிதர்களிடமே பார்த்தாக வேண்டும். அதையும் பார்த்தார்கள். நம் சென்னையிலேயே.

* * *

அதற்கு முன்னால் ஒருமுறை அமெரிக்கா போய்வர வேண்டும்.

பரூக் ப்ளம்பெர்க் என்றொரு டாக்டர். ஒரே வியாதி ஒருவனைத் தாக்கி இன்னொருவனை ஏன் விடுகிறது என்பது அவருடைய கேள்வி. உலகம் முழுதும் பல இனத்து மக்களின் ரத்தத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்தத்தில், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு புரதம் இருந்தது. 1965-ல் அதைப் பற்றி எழுதினார். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர். என்ன ஏது என்று அவருக்கே அப்போது தெரியாது. போகப்போகத்தான் புரிந்தது, அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல்சட்டை.

இந்த பி வைரஸ், ஏ மாதிரி வந்துவிட்டுப் போகிற விருந்தாளி அல்ல. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாக வரும். பெரியவர்களைப் பிடித்தால் பெரும்பாலும் உடம்பே துரத்திவிடும். பச்சைக் குழந்தையைப் பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுசுக்கும் தங்கிவிடும். கண் மஞ்சளாகாது. பசி போகாது. உள்ளே மட்டும் வருடக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். பிறகு கல்லீரல் சுருக்கம், சிலருக்குப் புற்றுநோய்.

ப்ளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் 1969-லேயே தடுப்பூசிக்கு வழி கண்டார்கள். 1976-ல் ப்ளம்பெர்க்குக்கு நோபல் பரிசு. 1981-ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி. எல்லாம் சரி. ஏற்கெனவே வைரஸைச் சுமந்துகொண்டிருக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு என்ன வழி?

இங்கேதான் சென்னை உள்ளே வருகிறது. 1982-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜனும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். கீழாநெல்லிச் சாறும் கரிசலாங்கண்ணிச் சாறும் சோதனைக் குழாயில் பி வைரஸின் மேல்சட்டையைச் செயலிழக்கச் செய்கின்றன என்பது செய்தி. பிலடெல்பியாவில் ப்ளம்பெர்க்கின் ஆய்வகத்தில் வெங்கடேஸ்வரன் என்கிற விஞ்ஞானி இருந்தார். அங்கேயும் கீழாநெல்லி போயிற்று. வுட்சக் என்று பூனை அளவில் ஒரு கொறிக்கும் பிராணி, அமெரிக்காவில் உண்டு. பி வைரஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு வைரஸ் அதைப் பிடிக்கும். அந்தப் பிராணிகளுக்குக் கீழாநெல்லிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார்கள். நம்பிக்கை தரும் முடிவு என்று 1987-ல் கட்டுரை வந்தது.

அடுத்தது மனிதன்.

* * *

1988. லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ இதழ். தியாகராஜன் குழுவும் ப்ளம்பெர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை. பி வைரஸைச் சுமக்கும் மனிதர்கள். ஒரு பகுதிப் பேருக்குக் காய்ந்த கீழாநெல்லிப் பொடி, வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். இன்னொரு பகுதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து.

கவனித்தீர்களா? பாட்டி எழுதாமல் விட்ட அந்த இரண்டாவது பக்கம்.

முடிவு? கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேல்சட்டை மறைந்துவிட்டது. 59 சதவிகிதம். வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்கு மறைந்தது. 4 சதவிகிதம்.

யோசித்துப் பாருங்கள். இந்த வியாதியில் அந்த மேல்சட்டை தானாக மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். இங்கே ஒரு மாதத்தில் பாதிக்கு மேல். கிணற்றடிச் செடியில்! நோபல் பரிசு வாங்கியவர் கையெழுத்து வேறு. படிக்கிற எந்தத் தமிழனுக்கும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளத் தோன்றுமா, தோன்றாதா?

ஆனால், ஆராய்ச்சி செய்தவர்கள் நிதானமாகத்தான் இருந்தார்கள். இது ஒரு முதற்கட்ட ஆய்வு என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதாவது, 'மற்றவர்களும் செய்து பாருங்கள்.'

செய்து பார்த்தார்கள். 1990-ல் தாய்லாந்திலிருந்து அதே லான்செட்டுக்குப் பதில் வந்தது. பலன் இல்லை. 1991-ல் ஹாலந்து. சென்னை முடிவு உறுதிப்படவில்லை. 1994-ல் நியூசிலாந்து. பலன் இல்லை. பிறகு பல நாடுகளில், குறிப்பாகச் சீனாவில், சின்னச் சின்னதாய் நிறைய ஆய்வுகள். எல்லாவற்றையும் திரட்டி எடைபோட்ட கோக்ரேன் அமைப்பு 2011-ல் சொன்னது: வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி மேல் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை.

* * *

அப்படியானால் சென்னையில் நடந்தது பொய்யா? அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எண்ணிக்கை சிறியது. சிறிய எண்ணிக்கையில் அதிர்ஷ்டமும் சேர்ந்து விளையாடும். இன்னொன்று, செடி. 1987 கட்டுரையில் கீழாநெல்லிக்கு பில்லாந்தஸ் நிரூரி என்று பெயர். 1988 கட்டுரையில் பில்லாந்தஸ் அமரஸ். நம் ஊரில் நிரூரி என்று நெடுங்காலம் சொல்லிவந்தது உண்மையில் அமரஸ்தான் என்று தாவரவியலாளர்கள் திருத்தியிருந்தார்கள். பெயரே இப்படித் தடுமாறினால், மண்ணும் மழையும் மாறும்போது உள்ளிருக்கும் சரக்கு மாறாதா?

நிபுணர்களே இப்படி என்றால் கடைக்காரரை என்ன சொல்வது? தென்னிந்தியாவில் 25 கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை வாங்கிச் சோதித்து, 2010-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்குச் சரக்கில் இருந்தது அமரஸே இல்லை. அதன் பங்காளிச் செடிகள்.

தப்பான செடி பலன் தராது என்பதோடு போனால் பரவாயில்லை. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று வீட்டுக்கு வீடு சீந்தில் கொடி குடித்தார்கள். மும்பையில் அப்படிக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாக டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் குடித்தது சீந்திலாக இராது, அதைப் போன்ற வேறு கொடியாக இருக்கலாம் என்றது. இருக்கட்டும். வாங்கிக் குடிக்கிற நமக்கு வித்தியாசம் தெரியுமா?

* * *

என் நண்பனுக்கு ஓர் அண்ணன். ரத்ததானம் செய்யப் போன இடத்தில் பி வைரஸ் இருப்பது தெரிந்தது. டாக்டர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பரிசோதிக்கச் சொன்னார். அண்ணன் போகவில்லை. யாரோ சொன்னார்கள் என்று கீழாநெல்லி குடித்தார். தினமும் கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொள்வார். மஞ்சள் இல்லை. "எனக்குச் சரியாப் போச்சுப்பா" என்று எல்லாரிடமும் சொன்னார். எட்டு வருடம். வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கல்லீரல் சுருங்கி முடிந்திருந்தது.

செடி அவரைக் கொல்லவில்லை. 'சரியாப் போச்சு' என்று அது தந்த நிம்மதிதான் கொன்றது. அவருக்கு வந்தது பி. அவர் நம்பியதோ, ஏ வந்து தானாகப் பிழைத்த என்னைப் போன்றவர்களின் சாட்சியை.

உலகில் 2022-ல் இந்த வைரஸைச் சுமந்தவர்கள் சுமார் 25 கோடி பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வருடம் இறந்தவர்கள் 11 லட்சம். வைரஸை அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது. டெனோஃபோவிர், என்டகாவிர். தேசியத் திட்டம் ஒன்றில் அரசாங்கமே 2018 முதல் இலவசமாகத் தருகிறது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி, 2011-லிருந்து நாடு முழுக்க அரசுத் திட்டத்திலேயே உண்டு. பி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

பாட்டி மேல் எனக்குக் கோபமே இல்லை. அவள் காலத்தில் அவளிடம் இருந்தது ஒரு செடியும் ஓர் அம்மியும்தான். தியாகராஜன் குழுவினர் மேல் மரியாதை கூடித்தான் இருக்கிறது. நம் செடியை நாம் மெச்சிக்கொண்டே இருக்காமல், அதை உலகத்தின் முன் பரீட்சைக்கு உட்கார வைத்தவர்கள் அவர்கள். தோற்றுப்போகலாம் என்று தெரிந்தும் உட்கார வைப்பதற்குப் பெயர்தான் விஞ்ஞானம்.

அடுத்தமுறை யாராவது உங்களிடம், "இந்த மூலிகையில் நூறு பேருக்குக் குணமாச்சு சார்" என்றால் சண்டை போடாதீர்கள். மரியாதையாக ஒன்று கேளுங்கள்.

"ரொம்ப சந்தோஷம். அடுத்த பக்கம் எங்கே?"