அம்ப்ரெல்லா நிறுவன வேலை ஒப்பந்தம் (பிரித்தானியா)

அம்ப்ரெல்லா நிறுவனம் என்பது, பிரித்தானியாவில் குறுகிய காலத் திட்டங்களில் வேலை செய்யும் ஒப்பந்தப் பணியாளரைத் தன் ஊழியராகச் சேர்த்துக்கொண்டு, வரியும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பும் பிடித்தம் செய்து சம்பளம் தரும் இடைநிலை நிறுவனம். வேலை நடப்பதோ வேறோர் இடத்தில். வாடிக்கையாளர் நிறுவனம் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் பணம் தருகிறது. ஏஜென்சி அம்ப்ரெல்லாவுக்குத் தருகிறது. பணியாளர் கைக்கு வருவது மிச்சம். சொந்த லிமிடெட் கம்பெனி மூலம் ஊழியரைப் போலவே வேலை செய்பவர்களுக்கு வரி விதிக்க 2000-இல் வந்த ஐஆர்35 விதிகள், 2017-இல் பொதுத்துறையிலும் 2021-இல் தனியார் துறையிலும் இறுகின. அதன்பின் பலர் சொந்தக் கம்பெனியை விட்டு இந்த ஏற்பாட்டுக்கு மாறினார்கள். இவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம் எவ்வளவு விரிவாக இருக்க வேண்டும்? பணம் கைமாறும் இடங்களில் பைசா வரைக்கும் விரிவாக இருக்க வேண்டும். வேலையின் தன்மையைச் சொல்லும் இடங்களில் சுருக்கமே போதும். நடைமுறையில் பல ஒப்பந்தங்கள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன.

பணியாளரிடம் ஏஜென்சி பேசும் தொகை சம்பளம் அல்ல, பணிக்கட்டணம். வேலை கொடுப்பவர் கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுப் பங்கும் அதிலிருந்துதான் போகிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் விகிதம் 15 சதவீதம். ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு அது பொருந்தும். வாரப் பணிக்கட்டணம் 1,000 பவுண்டு, அம்ப்ரெல்லா தனக்கென எடுத்துக்கொள்ளும் மார்ஜின் 25 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மீதி 975-இல் காப்பீட்டுப் பங்கு சுமார் 114, தொழிற்பயிற்சி வரி 0.5 சதவீதக் கணக்கில் சுமார் 4 பவுண்டு. எஞ்சும் சுமார் 857 பவுண்டுதான் மொத்தச் சம்பளம். விடுப்பு ஊதியத்தை 12.07 சதவீதமாக அதற்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தால், அடிப்படை சுமார் 764, விடுப்புக்குச் சுமார் 92 என்று பிரியும். ஓய்வூதியப் பங்கும் வருமான வரியும் பணியாளரின் சொந்தக் காப்பீட்டுப் பங்கும் இன்னும் கணக்கில் வரவில்லை. ஆயிரம் 764 ஆன வழி ஒப்பந்தத்தில் படிப்படியாக இல்லையென்றால், சம்பளச் சீட்டைப் பார்த்து எது நியாயம், எது பிடுங்கல் என்று யாராலும் சொல்ல முடியாது.

சட்டமும் இந்த இடத்தில்தான் எழுத்தைக் கேட்கிறது. 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, சட்டமே அனுமதிக்கும் வரி போன்றவை தவிர, ஊதியத்தில் எதைப் பிடிக்கவும் ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும். அல்லது பணியாளர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். வேலை கொடுப்பவரின் காப்பீட்டுப் பங்கையோ ஊழியரின் ஊதியத்தில் பிடிக்கவே கூடாது. ஊதியம் கணக்கிடப்படும் முன்பே அது பணிக்கட்டணத்திலிருந்து போயிருக்க வேண்டும். ஆகவே, ‘ஊதியம்’ எந்தத் தொகை, ‘பணிக்கட்டணம்’ எந்தத் தொகை என்று பிரித்துச் சொல்லாத ஒப்பந்தம் பணியாளருக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் ஆபத்து. விடுப்பு ஊதியம் சேர்த்துக் கொடுக்கப்படுகிறதா, ஒதுக்கி வைக்கப்படுகிறதா, ஒதுக்கினால் கேட்காமல் விட்ட தொகை ஆண்டு முடிவில் யாருக்குப் போகும் என்பதும் எழுத்தில் வேண்டும். கடைசிக் கேள்விக்கு மௌனம் சாதிக்கும் ஒப்பந்தத்தில் அந்த மௌனம் நிறுவனத்துக்குச் சாதகமாகவே முடியும்.

எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இல்லை, நீதிமன்றங்கள் நடைமுறையைத்தான் பார்க்கின்றன என்று ஒரு மறுப்பு உண்டு. ஆட்டோக்ளென்ஸ் வழக்கில் (2011) கார் சுத்தம் செய்யும் தொழிலாளர்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்று சொன்ன ஒப்பந்தத்தைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. ஊபர் வழக்கிலும் (2021) அதே போக்கு. ஆனால் இவை ஒருவர் தொழிலாளரா, சுயதொழில் செய்பவரா என்ற வழக்குகள். அம்ப்ரெல்லா ஏற்பாட்டில் வேலை செய்யும் காலத்துக்குப் பணியாளர் ஊழியர்தான் என்பதில் பொதுவாகத் தகராறு இல்லை, தகராறு தொகையில். தொகைக்கு ஒப்பந்த வாசகமே முதல் சான்று. லிமிடெட் கம்பெனிப் பழக்கத்தில் வருபவர்கள் தேடும் வாசகங்கள் வேறு: தனக்குப் பதில் ஆள் அனுப்பும் உரிமை, வாடிக்கையாளரின் மேற்பார்வை இல்லை என்ற உறுதி. ஐஆர்35-க்கு அவை தேவைப்பட்டன. முழுச் சம்பளத்துக்கும் வரி பிடிக்கப்படும் இடத்தில் அவை வெறும் அலங்காரம்.

வேலைக்கு வேலை விவரம் மாறும், விரிவான ஒப்பந்தம் கையைக் கட்டிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு விடை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது: நிலையான வேலை ஒப்பந்தம் ஒன்று, ஒவ்வொரு பணிக்கும் தனி இணைப்புத் தாள் ஒன்று. இடம், நாள், கட்டணம், அறிவிப்புக் காலம் இணைப்பில் போகும். நீண்ட ஒப்பந்தத்தை யார் படிக்கிறார்கள் என்பது இன்னும் வலுவான கேள்வி. 2020 ஏப்ரல் 6 முதல் ஏஜென்சி பணியாளருக்குத் தர வேண்டிய முக்கியத் தகவல் ஆவணம் ஏ4 தாளில் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பிடித்தங்களின் மாதிரிக் கணக்கும் அதற்குள் அடங்க வேண்டும். பணத்தின் கதை இரண்டு பக்கத்தில் அடங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த ஆவணம் ஒப்பந்தம் ஆகாது. அதில் உள்ளது ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்தால்தான் சம்பளம் என்ற பிரிவைத் தனியே கவனிக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டு ஏஜென்சி நடத்தை விதிகளின்படி, வாடிக்கையாளர் தரவில்லை, டைம்ஷீட்டில் கையெழுத்து இல்லை என்ற காரணங்களுக்காக ஏஜென்சி பணத்தை நிறுத்திவைக்க முடியாது. ஆனால் கம்பெனி வழியாக வேலைக்குப் போகிறவர் இந்த விதிகளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகலாம். சேரும் நாளில் நீட்டப்படும் தாள்களில் இந்த விலகல் படிவமும் கலந்திருந்தால், அந்தப் பாதுகாப்பு ஒரு கையெழுத்தில் போய்விடும்.

2026 ஏப்ரல் 6 முதல், அம்ப்ரெல்லா கட்டாமல் விட்ட வரிக்கு ஏஜென்சியும் பொறுப்பு. இது அரசின் பாக்கியைக் காக்கும். பணியாளரின் விடுப்பு ஊதியத்தைக் காக்காது. கையெழுத்திடும் முன் ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும் ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு ஆதாரம் என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள்.