முதியோர் குழுவில் நம் ஜமாஅத்துக்கும் ஓர் இடம்

தஞ்சாவூரில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நரைத்த தலைகளுக்குக் குறைவிருக்காது. மேட்டூர் திறப்பு, தூர்வாராத வாய்க்கால், கொள்முதல் நிலையத்தில் நனையும் நெல் என்று ஆட்சியரிடம் நேருக்கு நேர் கேட்பார்கள். அதே பெரியவரை மகன் கவனிக்காமல் விட்டால்? வாயே திறக்க மாட்டார். மானம் போய்விடும் என்ற பயம். எங்கே போய்ச் சொல்வது என்பதும் தெரியாது.

சொல்ல இடம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. தமிழ்நாடு அரசு 2009இல் அதற்கு விதிகள் வகுத்தது. மனுவை ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். அதிராம்பட்டினத்தார் பட்டுக்கோட்டைக்கும், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டைக்காரர்கள் கும்பகோணத்துக்கும் போக வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். பெற்றோர் எந்த மதத்தவரானாலும் இது பொருந்தும். தானே எழுத முடியாதவருக்காக அவர் ஒப்புதலோடு ஒரு தொண்டு அமைப்பும் மனு கொடுக்கலாம்.

இதுவரை ஓரளவு பலருக்குத் தெரியும். நாம் சொல்ல வருவது அடுத்த பகுதியை. இந்த விதிகளின்படி மாநில அளவில் மூத்த குடிமக்கள் மன்றமும், மாவட்ட அளவில் ஒரு குழுவும் உண்டு. அதிகாரிகளோடு முதியவர்களும் சமூக ஊழியர்களும் உட்கார்ந்து, சட்டம் ஊருக்குள் எப்படி நடக்கிறது என்று ஆலோசனை சொல்லும் இடம் அது. தனி வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அதனால் பயனில்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தனி ஒருவர் மனுவால் தீராத விஷயங்கள் அங்கேதான் பேசப்பட வேண்டும்.

ஓர் உதாரணம். அத்தா வயலையும் வீட்டையும் மகன் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறார். பிறகு சோற்றுக்கே வழியில்லை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்ய 23ஆம் பிரிவு வழி தருகிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் இல்லாமல் போனால் சிக்கல். ஹிபாவாகக் கொடுப்பவர்கள் எழுதும் முன்பே ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. இந்த விவரத்தை ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் பலகையாக எழுதி வையுங்கள் என்று மாவட்டக் குழுவில் ஒருவர் கேட்டால் எத்தனை குடும்பத்துக்கு உதவும்!

இன்னொன்று நம் ஊர்களுக்கே உரியது. பிள்ளைகள் சபுரில், பெரிய வீட்டில் உம்மா தனியாக. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் சம்மன் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பணம் வந்துகொண்டே இருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் மட்டும் இருக்காது. இந்தக் குறையை அந்த மேசையில் நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? நம் பிள்ளைகள் பலர் பிழைக்கும் சிங்கப்பூரிலும் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அமைச்சர் அல்ல, வால்டர் வூன் என்ற நியமன உறுப்பினர்.

தன்னார்வலருக்கு மற்றொரு வேலையும் உண்டு. விசாரணைக்கு முன் தீர்ப்பாயம் வழக்கைச் சமரச அலுவலரிடம் அனுப்பலாம். அவர் அரசு ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமூகப் பணி செய்யும் அமைப்பின் பொறுப்பாளராகவும் இருக்கலாம். ஒரு மாதத்துக்குள் பேசி முடித்து அறிக்கை தர வேண்டும். குடும்பச் சண்டையைப் பள்ளிவாசலில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது நம் ஜமாஅத்துகளுக்குப் புதிதா என்ன? அங்கே பேசியதற்குச் சட்டப் பிடிமானம் இல்லை. இங்கே உடன்பாடு ஏற்பட்டால் தீர்ப்பாயம் அதையே உத்தரவாக்கும்.

பெண்களையும் அனுப்ப வேண்டும் என்பது நம் கருத்து. மருமகளோடு ஒரே அடுப்படியில் இருக்கும் உம்மா, நாட்டாண்மை முன்னால் எல்லாவற்றையும் சொல்லமாட்டார்.

சமரசப் பட்டியலுக்குப் பெயர் தர விரும்புவோர் தங்கள் கோட்டத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், மாவட்டக் குழு பற்றி அறிய மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். தனித்து வாழும் பெரியவர்கள் உதவிக்கு 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.