ஒரே கூரை, தனித்தனி டிஸ்க்

வீட்டில் சர்வர் வைத்திருப்பவரிடம் ஒரே அளவுள்ள ஹார்டு டிஸ்க்குகளைப் பார்ப்பது அபூர்வம். பழைய கம்ப்யூட்டரில் கழற்றியது 1 டிபி, தள்ளுபடியில் மாட்டியது 4 டிபி, அதுவும் நிறைந்தபின் தவணையில் எடுத்தது 8 டிபி என்று ஒவ்வொன்றாகத்தான் வந்து சேரும். என் வீட்டு அலமாரியிலும் அதே கதைதான். இந்தக் கலவையை ஒரே ஃபோல்டராகக் காட்டித் தருவது மெர்ஜர்எஃப்எஸ். டெபியன் லினக்ஸில் மற்ற எல்லா மென்பொருளையும் ஏற்றிப் புதுப்பிப்பதை ஏபிடி பார்த்துக்கொள்கிறது. இதை மட்டும் நானே இறக்கி, நானே ஏற்றுகிறேன். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல 1988க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். விலை குறைந்த சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்தால், பெரிய கம்ப்யூட்டர்களின் விலையுயர்ந்த ஒற்றை டிஸ்க்குக்கு மாற்றாகிவிடும் என்பது அவர்கள் வாதம். அலுவலகங்கள் பிழைத்தன. வீட்டுக்காரனுக்குத்தான் ஒத்துவரவில்லை. ரெய்டு 5இல் எல்லா டிஸ்க்கும் இருப்பதிலேயே சின்னதின் அளவுக்குத்தான் கணக்கில் வரும். என் 8 டிபியில் 7 டிபி சும்மா கிடக்கும். ஒவ்வொரு ஃபைலும் துண்டாகி எல்லா டிஸ்க்கிலும் பரவுவதால், ஒரு படம் பார்க்க அத்தனையும் சுழல வேண்டும். இரண்டு டிஸ்க் சேர்ந்து போனால் எல்லாம் போச்சு. 1998இல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் லினக்ஸுக்கு எழுதிய எல்விஎம் அளவுப் பிரச்சினையைத் தீர்த்தது. ஆனால் ஒரே ஃபைல் சிஸ்டம் பல டிஸ்க்குகள் மேல் படுத்திருப்பதால், ஒன்று செத்தாலும் மொத்தமும் ஆட்டம் காணும்.

வீட்டுத் தேவையை முதலில் சரியாகப் பிடித்தது மைக்ரோசாஃப்ட் என்று சொன்னால் லினக்ஸ் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். உண்மை அதுதான். 2007இல் வந்த விண்டோஸ் ஹோம் சர்வரில் டிரைவ் எக்ஸ்டெண்டர் என்றொரு அம்சம் இருந்தது. எந்த அளவு டிஸ்க்கையும் செருகலாம், இடம் கூடும். ஃபைல் எதுவும் துண்டாகாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் சாதாரண என்டிஎஃப்எஸ் டிஸ்க்காகத் திறக்கும். அந்த ஆண்டு கடைசியிலேயே ஒரு கோளாறு வெளிப்பட்டது: பல டிஸ்க் உள்ள சர்வரில் இருக்கும் ஃபைலைச் சில மென்பொருள்களில் நேரடியாகத் திறந்து திருத்தினால் அது சிதைந்துபோக வாய்ப்பிருந்தது. திருத்தம் வந்தது 2008 ஜூலையில். அடுத்த பதிப்பில் அடிப்படையையே மாற்றி, ஃபைல்களைத் துண்டுகளாக்கிச் சேமிக்க முயன்றார்கள். சோதனையில் சிக்கல்கள் வர, 2010 நவம்பரில் டிரைவ் எக்ஸ்டெண்டரையே கைவிடுவதாக அறிவித்தார்கள். இப்போது பெரிய டிஸ்க்குகள் மலிவாகக் கிடைக்கின்றனவே என்பதும் சொன்ன காரணங்களில் ஒன்று. பெரிய டிஸ்க் வாங்கியவன் பழையதைக் குப்பையில் போடுவான் என்று நினைத்தவர்கள் எந்த வீட்டையும் பார்த்ததில்லை!

லினக்ஸ் பக்கம் இதே யோசனை வேறு வழியில் வளர்ந்தது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எரெஸ் சடோக் குழுவின் யூனியன்எஃப்எஸ், பிறகு ஜப்பானின் ஜுன்ஜிரோ ஒகாஜிமா எழுதிய ஏயூஎஃப்எஸ் ஆகிய இரண்டும் பல ஃபோல்டர்களை ஒன்றாகக் காட்டின. ஆனால் கெர்னலுக்குள் ஓடுபவை, கெர்னலின் அதிகாரபூர்வ மூலத்தில் இடம் கிடைக்காதவை. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் ஒட்டுப்போட வேண்டும். கதவைத் திறந்தது மிக்லோஷ் செரெடியின் ஃபியூஸ். 2005இல் லினக்ஸ் 2.6.14இல் அது சேர்ந்தபின், ஃபைல் சிஸ்டத்தைச் சாதாரண நிரலாகவே எழுத முடிந்தது. அதில் எழுந்த எம்எச்டிடிஎஃப்எஸ் ஒரு டிஸ்க் நிறைந்ததும் அடுத்ததற்குத் தாவும். அதன் குறைகளைக் கண்டு 2014இல் அன்டோனியோ முசுமெச்சி எழுதத் தொடங்கியதுதான் மெர்ஜர்எஃப்எஸ். வெளியே கூட்டுக்குடும்பம், பட்டா மட்டும் தனித்தனி. எந்த டிஸ்க் போனாலும் அதிலுள்ள ஃபைல்கள் மட்டுமே போகும். புது ஃபைல் எங்கே போக வேண்டும் என்பதை, காலியிடம் அதிகமுள்ள டிஸ்க்குக்கு என்பதுபோல, நாமே சொல்லி வைக்கலாம்.

சாதாரண நிரல் என்பதால்தான் கையால் மாற்றுவதும் சாத்தியமாகிறது. கெர்னலைத் தொட வேண்டாம். அவசியம் வருவது டெபியனின் குணத்தால். ஸ்டேபிள் பதிப்பு வெளியானதும் உறைந்துவிடும். பாதுகாப்புத் திருத்தங்களும் பெரிய பிழைகளுக்கான திருத்தங்களும்தான் உள்ளே வரும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் மெர்ஜர்எஃப்எஸ் 2.33.5. அடுத்த ஆண்டே 2.40 வந்துவிட்டது. இதில் டெபியனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, அந்த உறைதலை நம்பித்தான் சர்வரையே ஓட்டுகிறேன். ஆனால் பழைய பதிப்போடு போய்ப் பிழை சொன்னால், மெர்ஜர்எஃப்எஸ் எழுதியவர் முதலில் புதியதைப் போடச் சொல்வார். அதற்காக அவரே ஒவ்வொரு டெபியன் பதிப்புக்கும் பேக்கேஜ் கட்டித் தருகிறார்.

வேலை சின்னது, வரிசை முக்கியம். டெபியன் பதிப்பும் பிராசஸர் வகையும் பொருந்தும் டெப் ஃபைலை இறக்கி, டிபிகேஜி கமாண்ட் கொண்டு ஏற்றுவேன். பலர் இதோடு முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். டிஸ்க்கில் இருப்பது புதுசு, மெமரியில் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் பழசு. ஆகவே கூட்டு ஃபோல்டரைப் பயன்படுத்தும் டாக்கர், சாம்பா, ஜெல்லிஃபின் சர்வீஸ்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அந்த ஃபோல்டரை அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்ய வேண்டும். ‘பிஸி’ என்று மறுத்தால் ஃபியூசர் கமாண்ட் யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் நான் வேறொரு டெர்மினலில் அதே ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருப்பேன். அலுப்பாக இருந்தால் ரீபூட்.

அன்மவுன்ட் ஆன நேரத்தில் ஏதாவது சர்வீஸ் விழித்துக்கொண்டால், காலி மவுன்ட் ஃபோல்டருக்குள், அதாவது சிஸ்டம் டிஸ்க்கில், எழுத ஆரம்பித்துவிடும். மறுபடி மவுன்ட் ஆனதும் அந்த ஃபைல்கள் அடியில் மறைந்துபோகும், சிஸ்டம் டிஸ்க் நிறைவது ஏன் என்று புரியாது. அதனால் எதுவும் மவுன்ட் ஆகாத நிலையிலேயே அந்த ஃபோல்டருக்கு சிஎச்ஏடிடிஆர் கமாண்டால் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். மவுன்ட் ஆனபின் ஓடும் பதிப்பின் எண்ணைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சர்வீஸ்களைத் திறப்பது. டெபியன் 13க்கு மாறுகிறவர்கள் 12க்குக் கட்டிய பேக்கேஜை அப்படியே விட்டுவைக்காமல், 13க்கென்று கட்டியதை இறக்கிப் போட்டுக்கொள்வது நல்லது.